போர் நடக்கும் ஊருக்குச் சோறு: நம் நகரசபை என்ன செய்ய முடியும்?

புறநானூற்றில் ஒரு முற்றுகைக் காட்சி உண்டு. ஆவூர்க் கோட்டைக்குள் நெடுங்கிள்ளி அடைந்து கிடக்கிறான். வெளியே நலங்கிள்ளியின் படை. உள்ளே யானைக்குக் கவளம் இல்லை. குழந்தைக்குப் பால் இல்லை. பெண்கள் தலையில் பூ இல்லை. வீடுகளில் தண்ணீர் இல்லை. இதைக் கண்டு பொறுக்காத கோவூர்கிழார் என்னும் புலவர் நேரே மன்னனிடம் போகிறார். அறம் உடையவனானால் கதவைத் திறந்துவிடு, வீரம் உடையவனானால் வெளியே வந்து போரிடு, இரண்டும் செய்யாமல் உள்ளே இருப்பது நாணத்தக்கது என்ற பொருள்பட எடுத்துரைக்கிறார். இது 44-ஆம் பாடல். கோவூர்கிழாருக்குப் பதவியும் இல்லை, படையும் இல்லை. சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னார், அவ்வளவுதான்.

ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின் அதே வேலையை ஒரு நகரசபை செய்ய முடியுமா? நமது சங்கத்து இளைஞர்கள் சிலர் இப்படி ஒரு கேள்வியை என்னிடம் கொண்டுவந்தார்கள். போரில் சிக்கிய பொதுமக்களுக்கு உணவும் மருந்தும் போய்ச்சேர வழிவிட வேண்டும் என்று சித்தூர், திருப்பதி மாநகராட்சிகள் தீர்மானம் நிறைவேற்றும்படி நாம் மனுக் கொடுத்தால் என்ன என்பது அவர்கள் யோசனை. "அமெரிக்காவில் ஊர் ஊராகச் செய்கிறார்களே சார், நம்மால் ஏன் முடியாது?" என்றான் ஒருவன். பெரியவர்களில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. தெலுங்கு பேசும் ஊரில் பிழைக்க வந்த நமக்கு இது தேவையா, நாளை நம் பிள்ளைகளை யாராவது ஒரு மாதிரி பார்த்தால் என்ன செய்வது என்பது அவர்கள் கவலை. இரு பக்கமும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. எனவே இதற்கு முன் உலகில் நடந்தது என்ன, நம்மவர் அனுபவம் என்ன என்பதை வாசகர்கள் முன் வைக்கிறேன்.

ஆக்ஸ்போர்டில் கூடிய சிலர்

இரண்டாம் உலகப் போரில் 1941-ஆம் ஆண்டு ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் கிரேக்க நாட்டைப் பிடித்துக்கொண்டன. எதிரிக்கு உணவு போகக்கூடாது என்று பிரிட்டன் கடல்வழியை அடைத்தது. எதிரியை விட அதிகம் பட்டினி கிடந்தது கிரேக்க மக்கள்தான். அந்த ஆக்கிரமிப்புக் காலத்தில் பசியாலும் அதையொட்டிய நோயாலும் இறந்தவர்கள் சுமார் 3 லட்சம்பேர் எனக் கணக்கிடப்படுகிறது.

1942-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி ஆக்ஸ்போர்டு நகரில் ஒரு தேவாலயத்தில் சிலர் கூடினர். பாதிரியார் மில்ஃபோர்டும் கிரேக்க மொழிப் பேராசிரியர் கில்பர்ட் முர்ரேயும் அவர்களில் இருந்தனர். அடைப்பைத் தளர்த்தி உணவுக் கப்பல்களை விடும்படி தம் சொந்த அரசிடம் கேட்பதே அவர்கள் நோக்கம். நாடு உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கும் நேரத்தில் எதிரி கையில் இருக்கும் நாட்டுக்குச் சோறு கேட்பது எளிதான காரியமா? ஆனாலும் கேட்டார்கள். கேட்டதோடு நில்லாமல் பணமும் திரட்டிக் கிரேக்க செஞ்சிலுவைச் சங்கத்துக்கு அனுப்பினார்கள். அந்த உள்ளூர்க் கமிட்டிதான் பிற்காலத்தில் ஆக்ஸ்ஃபாம் என்ற பெயரில் உலகெங்கும் அறியப்பட்டது.

மறு ஆண்டே, 1943-இல், வங்காளப் பஞ்சத்தில் நம் நாட்டவர் இருபது, முப்பது லட்சம்பேர் மாண்டனர். போரைக் காரணம் காட்டி, வேண்டிய அளவு தானியக் கப்பல்களை லண்டன் ஒதுக்கவில்லை. பசிக்குக் குரல் கொடுப்பவர் எல்லா ஊரிலும் தேவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஐந்து பைசா தபால்தலை

நம் பக்கத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று எண்ண வேண்டாம். 1971-இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தனர். அவர்களுக்காக அந்த ஆண்டு நவம்பர் முதல் தபாலுக்கு ஐந்து பைசா கூடுதல் வரி விதிக்கப்பட்டது. அகதிகள் நிவாரணத் தபால்தலை ஒட்டாமல் கடிதம் அனுப்ப முடியாது. சித்தூரிலிருந்து வேலூருக்குக் கல்யாணக் கடிதம் போட்டவரும் அந்த ஐந்து பைசாவைக் கொடுத்தார். வீட்டில் பழைய கவர்கள் இருந்தால் பிள்ளைகளிடம் எடுத்துக் காட்டுங்கள். எங்கோ நடந்த போரில் தவித்தவர்களுக்கு நம் ஊரும் படியளந்திருக்கிறது.

நம்மவர் கண்ட மூன்று அனுபவங்கள்

ஈழத் தமிழர்களுக்கு நிவாரணம் அனுப்பிய வரலாற்றில் மூன்று நிகழ்ச்சிகளை ஒப்பிட்டுப் பார்த்தால் பல பாடங்கள் கிடைக்கும்.

முதலாவது 1987. அந்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு எரிபொருளும் மற்றப் பொருள்களும் தடுக்கப்பட்டிருந்தன. மே இறுதியில் வடமராட்சியில் ராணுவ நடவடிக்கை தொடங்கியது. ஜூன் 3-ஆம் தேதி இந்தியா 19 படகுகளில் ராமேசுவரத்திலிருந்து நிவாரணப் பொருள்களை அனுப்பியது. இலங்கைக் கடற்படை அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டது. மறுநாள் பெங்களூரிலிருந்து ஐந்து ஏ.என்-32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் துணையுடன் பறந்து, சுமார் 25 டன் பொருள்களை யாழ்ப்பாணத்தின்மேல் போட்டுவிட்டு வந்தன. 'ஆபரேஷன் பூமாலை' என்று அதற்குப் பெயர். அதன் அரசியல் விளைவு பெரிது. ஆனால் ஒரு குடாநாட்டின் பசிக்கு 25 டன் எத்தனை வேளை வரும்?

இரண்டாவது 2008. அந்த ஆண்டு செப்டம்பரில் இலங்கை அரசின் உத்தரவுப்படி ஐ.நா. ஊழியர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறினார்கள். வன்னியில் செஞ்சிலுவைச் சங்கம் மட்டுமே மிஞ்சியது. அக்டோபர் 14-ஆம் தேதி சென்னையில் முதல்வர் கருணாநிதி தலைமையில் அனைத்துக் கட்சிக் கூட்டம் தீர்மானம் போட்டது. அக்டோபர் 24-ஆம் தேதி கொட்டும் மழையில் மனிதச் சங்கிலி நடந்தது. நிவாரண நிதி திறக்கப்பட்டது. அரிசி, சர்க்கரை, உப்பு, துணி, சோப்பு என்று சுமார் 1,700 டன் பொருள்கள் திரண்டன. அவை குடும்பத்துக்கு ஒன்றாக 80,000 பொட்டலங்களாகக் கட்டப்பட்டன. நவம்பரில் சென்னையிலிருந்து கப்பலில் சென்ற அவற்றை இந்தியத் தூதரகம் கொழும்பில் செஞ்சிலுவைச் சங்கத்திடம் ஒப்படைத்தது. போர் நிற்கவில்லை என்பது உண்மை. ஆனால் பொருள் வன்னிக்குள் போயிற்று.

மூன்றாவது 2009. ஐரோப்பாவில் வாழும் தமிழர்கள் வீடு வீடாகச் சேர்த்த 884 டன் உணவும் மருந்தும் 'வணங்காமண்' என்ற பெயரில் ஒரு கப்பலில் புறப்பட்டன. கப்பல் இலங்கைக் கரையை நெருங்கியபோது போரே முடிந்துவிட்டிருந்தது. ஜூன் 4-ஆம் தேதி இலங்கைக் கடற்படை அதை மறித்துச் சோதனையிட்டுத் திருப்பி அனுப்பியது. கப்பல் சென்னைக்கு அருகே வந்து நின்றது. டெல்லி பேசி, வேறு கப்பலில் பொருள்கள் ஏற்றப்பட்டு ஜூலையில் கொழும்பு போய்ச் சேர்ந்தன. அங்கும் கட்டணத் தகராறில் மாதக்கணக்கில் துறைமுகத்திலேயே கிடந்தன. முகாம்களில் ஏறத்தாழ 2 லட்சத்து 90 ஆயிரம் மக்கள் முள்வேலிக்குள் இருந்த காலம் அது!

எங்கள் தெருவில் ஒரு அம்மாள் இருக்கிறார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பிய குடும்பம். 2008-இல் ஊருக்குப் போயிருந்தபோது நிவாரணத்துக்குப் புதுச் சேலை இரண்டு கொடுத்தாராம். "தம்பி, கொடுத்தது பெரிசில்லை. யாரோ ஒருத்தி கட்டினாளா, அதுதான் எனக்குத் தெரியணும்" என்பார். கூட்டம் போட்டுப் பேசும் நாம் பலமுறை மறந்துவிடும் கேள்வி இது.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். தீர்மானம் வேண்டும், பொருள் வேண்டும், இரு தரப்பும் ஏற்கும் ஒரு கை வேண்டும். 1987-இல் அந்தக் கை இல்லை. போர் விமானம் துணைக்குப் போக வேண்டியிருந்தது. 2009-இல் பொருளும் உள்ளமும் இருந்தன. வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்ட கை இல்லை. 2008-இல் மூன்றும் ஓரளவு கூடின.

எண்ணிக்கையும் ஒரு ஆயுதம்

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். 2009 ஏப்ரல் இறுதியில் முள்ளிவாய்க்கால் பகுதியில் சிக்கியிருந்தவர்கள் 10,000 பேர்தான் என்று இலங்கை அரசு கூறியது. அதே நேரத்தில் ஐ.நா. போட்ட கணக்கு 1,27,177. இதை 2011-இல் வெளியான ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கையே பதிவு செய்திருக்கிறது. பத்தாயிரம் பேர் என்றால் பத்தாயிரம் பேருக்குத்தான் அரிசி அனுமதி. மீதிப்பேர் கணக்கிலேயே இல்லை, பிறகு சோறு எங்கே வரும்? சாலை வழியாக 2008 அக்டோபரிலிருந்து 2009 ஜனவரி வரை உலக உணவுத் திட்டத்தின் 11 வாகனத் தொடர்கள் மட்டுமே வன்னிக்குள் போயின. பிப்ரவரியிலிருந்து மே வரை செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் கடல்வழியே உணவு கொண்டுபோய், காயம்பட்டவர்களையும் உடனிருந்தவர்களையுமாகப் பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஏற்றி வந்தது. ஆகவே தீர்மானம் எழுதுகிறவர்கள் 'உணவு அனுப்புக' என்று மட்டும் எழுதினால் போதாது. உள்ளே எத்தனை பேர் என்று நடுநிலையாளர் எண்ணிச் சொல்ல அனுமதிக்க வேண்டும் என்றும் எழுத வேண்டும்.

அமெரிக்க நகரங்கள் செய்தது

2023 அக்டோபரில் காஸா போர் தொடங்கியபின் அமெரிக்காவில் உள்ளூர் அமைதிக் குழுவினர் நகர மன்றங்களை அணுகினார்கள். கலிபோர்னியாவின் ரிச்மண்ட் நகரம் அந்த மாத இறுதியிலேயே தீர்மானம் போட்டது. நவம்பர் 27-இல் ஓக்லண்ட் ஏகமனதாகவும், 2024 ஜனவரி 9-இல் சான்பிரான்சிஸ்கோ 8-க்கு 3 என்ற கணக்கிலும் நிறைவேற்றின. ஜனவரி 31-இல் சிகாகோவில் ஓட்டுகள் 23-க்கு 23 என்று நின்றன. மேயர் பிராண்டன் ஜான்சன் தம் ஓட்டைப் போட்டுத் தீர்மானத்தை வெல்ல வைத்தார். போர் நிறுத்தம், மக்களுக்கு உணவு, தண்ணீர், மருந்து, பிணைக்கைதிகள் அனைவரின் விடுதலை ஆகிய மூன்றையும் அந்தத் தீர்மானம் கேட்டது. யூதர் படுகொலை நினைவு நாளையொட்டிய வாரம் என்பதால் ஓட்டெடுப்பை ஒரு வாரம் தள்ளியும் வைத்திருந்தார்கள். மன்றத்தில் கூச்சலும் இருந்தது, ஆனால் மற்றவர் துக்கத்துக்கும் இடம் கொடுத்தார்கள்.

இதனால் காஸாவின் கதவு திறந்ததா? இல்லை. 2025 மார்ச் 2 முதல் மே நடுப்பகுதி வரை எல்லாப் பொருள்களும் தடுக்கப்பட்டன. ஆகஸ்ட் 22-ஆம் தேதி காஸா நகரப் பகுதியில் பஞ்சம் என்று சர்வதேச உணவு நிலைக் குழு உறுதி செய்தது. போர் நிறுத்தம் அக்டோபர் 10-இல்தான் வந்தது. சூடானில் எல் ஃபாஷர் நகரம் பதினெட்டு மாத அளவுக்கு முற்றுகையில் கிடந்து 2025 அக்டோபர் 26-இல் வீழ்ந்தது. அதன் பக்கத்தில் இருந்த ஜம்ஜம் அகதி முகாமில் 2024 ஆகஸ்டிலேயே பஞ்சம் அறிவிக்கப்பட்டிருந்தது. அந்த மக்களுக்காகத் தீர்மானம் போட்ட நகரங்கள் மிகக் குறைவு.

வெறும் தீர்மானம் காகிதம்தான். ஆனால் அந்தக் காகிதம் ஊரார் ஆயிரம்பேரை ஒரு மண்டபத்தில் உட்கார வைத்துப் பேச வைக்கிறது. தங்கள் அரசு யாருக்கு என்ன அனுப்புகிறது என்று கேட்க வைக்கிறது. அதற்கு மேல் அது பலன் தர வேண்டுமானால், 2008-இல் போலப் பொருளும் வழியும் உடன் சேர வேண்டும்.

நம் ஊரில் எப்படி?

இனி சித்தூர், திருப்பதிக்கு வருவோம். திருப்பதி நகராட்சி 1886-இல் தோன்றி 2007-இல் மாநகராட்சியானது. சித்தூர் நகராட்சி 1917-இல் தோன்றி 2012-இல் மாநகராட்சியானது. 2021 தேர்தலின்போது இரண்டிலும் 50 டிவிஷன்கள். தெருவிளக்கு, குடிநீர், குப்பை இவற்றுக்காகத்தான் அவை ஏற்பட்டன. அரசியல் சாசனத்தின் 12-ஆம் அட்டவணையில் நகரசபைக்கு 18 பணிகள் சொல்லப்பட்டிருக்கின்றன. அவற்றில் வெளிநாட்டு விவகாரம் இல்லை. அது ஏழாம் அட்டவணையில் மத்திய அரசின் பட்டியலில் 10-ஆவதாக இருக்கிறது. அதிகாரத்தை மீறிய தீர்மானத்தை மாநில அரசு ரத்து செய்யலாம். ஆகவே நம் மன்றம் உத்தரவு போட முடியாது, வேண்டுகோள் விடுக்கலாம். பொருள் அனுப்புவதும் டெல்லியின் அனுமதியோடுதான்.

தமிழ்நாடு 2022-இல் இதை எப்படிச் செய்தது என்று பாருங்கள். அது போர்க்காலம் அல்ல, இலங்கையின் பொருளாதார நெருக்கடிக் காலம். ஏப்ரல் 29-ஆம் தேதி சட்டமன்றம் ஏகமனதாகத் தீர்மானம் போட்டு மத்திய அரசின் அனுமதி கேட்டது. 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், 137 வகை மருந்துகள், மொத்தம் 123 கோடி ரூபாய் மதிப்பு. அனுமதி கிடைத்தது. மே 18-இல் முதல் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. முதலில் தமிழர்களுக்கு என்றுதான் பேச்சு இருந்தது. இலங்கைத் தமிழர் தலைவர்களே, எங்களுக்கு மட்டும் என்று பிரிக்காமல் எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டதாக முதல்வர் ஸ்டாலின் சொன்னார். பசித்தவர்களுக்குள்ளே பாகுபாடு வேண்டாம் என்று பட்டினி கிடந்தவர்களே சொன்னது எவ்வளவு பெரிய காரியம்!

பெரியவர்களின் கவலைக்கும் இதில் விடை இருக்கிறது. ஒரு காலத்தில் கவுன்சிலராக இருந்த தெலுங்கு நண்பர் ஒருவரிடம் இந்த யோசனையைச் சொன்னேன். சித்தூர்க்காரர், நன்றாகத் தமிழ் பேசுவார். "அண்ணா, ஒரு நாட்டுப் பேரை, ஒரு ஜாதிப் பேரை முன்னாலே வெச்சீங்கன்னா, இது தமிழ்க்காரங்க கச்சேரின்னு ஒதுக்கிடுவாங்க. பசியை முன்னாலே வையுங்க. வெங்கடேசுவர சுவாமி ஊர்லே சோறு போடக்கூடாதுன்னு எழுந்து பேச யாருக்கு தைரியம் வரும்?" என்றார்.

எனக்கு அது நியாயமாகப் பட்டது. 2013 பிப்ரவரியிலும் 2014 டிசம்பரிலும் அன்றைய இலங்கை அதிபர் மகிந்த ராஜபக்சே திருமலைக்கு வந்தபோது, தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது நினைவிருக்கும். அந்தக் கோபத்தின் காரணம் நமக்குத் தெரியும். பக்கத்து வீட்டு ரெட்டிகாருவுக்கும் நாயுடுகாருவுக்கும் தெரியாது, நாமும் உட்கார்ந்து சொன்னதில்லை. ஆனால் பசி என்றால் திருப்பதியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1985-இல் திருமலையில் தொடங்கிய நித்திய அன்னதானம் இன்று தரிகொண்ட வெங்கமாம்பா பெயரில் உள்ள மண்டபத்தில் நடக்கிறது. எந்த மொழிக்காரர், எந்த நாட்டுக்காரர் என்று இலையில் உட்காருமுன் யாரும் கேட்பதில்லை. தீர்மானம் என்ற சொல்லும் தெலுங்கில் தீர்மானம்தான்!

மனுவில் என்ன இருக்க வேண்டும்?

இளைஞர்களோடு உட்கார்ந்து பேசியதில் நாங்கள் வந்து சேர்ந்த கருத்துகள் இவை:

ஒன்று, எந்தத் தரப்பின் வெற்றியையும் கேட்கக் கூடாது. போரிடாத மக்கள் அனைவருக்கும் உணவு, குடிநீர், மருந்து என்பதோடு நிற்க வேண்டும். 1949 ஜெனீவா ஒப்பந்தங்களில் இந்தியா சேர்ந்திருக்கிறது. அவற்றுக்காக 1960-இல் நம் பாராளுமன்றம் தனிச்சட்டமே இயற்றியது. பட்டினியைப் போர்முறையாகப் பயன்படுத்துவதை 2018-இல் ஐ.நா. பாதுகாப்புச் சபை 2417-ஆம் தீர்மானத்தில் கண்டித்தது. நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை.

இரண்டு, கொண்டு சேர்ப்பவர் யார் என்று எழுத வேண்டும். செஞ்சிலுவைச் சங்கம், உலக உணவுத் திட்டம், அல்லது நம் வெளியுறவுத் துறை. 2023 அக்டோபர் 22-இல் இந்திய விமானப்படை விமானம் ஏறத்தாழ 6.5 டன் மருந்துப் பொருள்களையும் 32 டன் நிவாரணப் பொருள்களையும் காஸா மக்களுக்காக எகிப்துக்குக் கொண்டுபோனது. வழி தெரியாத காரியம் அல்ல.

மூன்று, நாம் தருவது என்ன என்று சொல்ல வேண்டும். நம்மிடம் மிஞ்சியதை அல்ல, வாங்குபவருக்கு வேண்டியதைக் கொடுக்க வேண்டும். பழைய துணி மூட்டைகள் வேண்டாம்.

நான்கு, அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்ற கணக்கு திரும்பி வரவேண்டும். எங்கள் தெரு அம்மாளின் கேள்விக்குப் பதில் அதுதான்.

மனு தெலுங்கிலும் தமிழிலும் தயாராகிறது. தமிழர் அல்லாத பத்துப் பேராவது முதல் பக்கத்தில் கையெழுத்திட்ட பிறகே கொடுப்பது என்று முடிவாகியிருக்கிறது. மேயரிடம் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு குடும்பமும் தங்கள் டிவிஷன் கார்ப்பரேட்டரை நேரில் பார்த்து ஐந்து நிமிடம் பேசினால் நல்லது. தெலுங்கு தடுமாறும் பெரியவர்கள் பள்ளியில் தெலுங்கு படிக்கும் பேரப்பிள்ளைகளை உடன் அழைத்துப் போகலாம். தீர்மானம் தோற்றாலும் அந்த ஐந்து நிமிடப் பேச்சு வீண் போகாது. எதிர்க்கருத்து உள்ள உறுப்பினர்களும் தயங்காமல் சங்கத்துக்கு எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் அவற்றைப் படித்த பிறகே மனுவின் இறுதி வடிவம் முடிவாகும்.